டிரான்ஸ்மிட்டர் பேட்டரியை இரவு முழுக்க சார்ஜில் விடலாமா?

கோத்தகிரி வாசி:
ரிமோட் ஹெலிகாப்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கையில் பிடித்து இயக்கும் டிரான்ஸ்மிட்டரில் 8 செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி இருக்கிறது, 9.6 வோல்ட், 2000 எம்ஏஎச். அதற்குரிய சார்ஜர் கிடைக்கவில்லை. ஹெலிகாப்டரின் லித்தியம் பேட்டரிக்கான சார்ஜர் மட்டும் இருக்கிறது. அதை டிரான்ஸ்மிட்டரின் துளையில் செருகி இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் பறக்கவிடலாமா? நேற்று மீட்டர் 10.4 வோல்ட் காட்டியது. ஆனால் பறந்த பத்தாவது நிமிடமே டிரான்ஸ்மிட்டர் கீச்சிட்டது. உடனே இறக்கிவிட்டேன்.

ஊட்டி ரேடியோ பட்டறை:
தம்பி, இறக்கியது நல்லது. மோட்டார் நின்றுபோனாலும் விசிறி சுழலும் வேகத்தை வைத்து ஹெலிகாப்டரைத் தரைக்குக் கொண்டுவர வழியுண்டு. கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டர் அணைந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

லித்தியம் முறையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மூன்று செல் லித்தியம் என்று வைத்தால் சார்ஜர் 12.6 வோல்ட் வரை ஏற்றும். நிக்கல் பேட்டரி நிரம்பிய பிறகும் மின்சாரத்தை வாங்கிக்கொண்டே சூடாகும். ஒரு தை மாதக் குளிரில் நானே முறையை மாற்ற மறந்து, பேட்டரியைக் கம்பளியின் மேல் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். கருகல் வாடையில்தான் விழித்தேன். பேட்டரியின் மேலுறை உருகிக் கம்பளியோடு ஒட்டியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் என் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து சிமெண்டுத் தரையில் வைத்து, நான் விழித்திருக்கும்போது மட்டுமே சார்ஜ் செய்கிறேன்.

உங்கள் சார்ஜரில் நிக்கல் முறை இருந்தால் 200 மில்லிஆம்பியரில் 14 முதல் 16 மணி நேரம் போதும். காலை ஆறுக்குப் போட்டால் இரவு எட்டுக்குக் கழற்றலாம், மறுநாள் பறக்கலாம். துளை வழியாக வேண்டாம். நடு ஊசி ஒரு நிறுவனத்தில் பிளஸ், இன்னொன்றில் மைனஸ். சிலவற்றில் உள்ளே மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடும் இருப்பதால் பேட்டரி நிரம்பியதைச் சார்ஜரால் அறிய முடியாது. பேட்டரியைக் கழற்றி நேராக இணையுங்கள். வெளியே பனியில் கிடந்ததென்றால் அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள்.

உங்கள் 10.4 சும்மா இருக்கும்போது அளந்தது. டிரான்ஸ்மிட்டரை இயக்கி வைத்து அளந்து பாருங்கள். பேட்டரியின் கறுப்புக் கம்பி உள்ளே அரித்திருக்கலாம், அதன் முனையையும் சற்று உரித்துப் பாருங்கள்.

குன்னூர் தேயிலை:
பட்டறை ஐயா சொன்னதோடு ஒன்று: முதலில் டிரான்ஸ்மிட்டரை இயக்குங்கள், பிறகு ஹெலிகாப்டரை. இறங்கியதும் ஹெலிகாப்டரை முதலில் அணையுங்கள். வெலிங்டன் ராணுவப் பகுதிப் பக்கமும் காட்டோரமும் பறக்கவிடாதீர்கள்.

கோத்தகிரி வாசி:
ஐயா, உரித்துப் பார்த்தேன். செம்பு மினுக்கமே இல்லை. கரி பூசியது போல் இழைகள் கறுத்து, விரல் பட்டதும் ஒடிகின்றன. ஒரு செல்லின் அடியில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. டிரான்ஸ்மிட்டரை இயக்கியதும் 8.7 வோல்ட்டுக்கு விழுந்தது. புது பேட்டரி வாங்க நாளை கோவைக்குப் போகிறேன். அதுவரை ஹெலிகாப்டர் பெட்டியில்தான் இருக்கும்.