பின்லாந்து, இந்தோனேசியா காகித ஏற்றுமதி: டாலரா, டன்னா?

தண்டையார்பேட்டைக்காரன்:
மண்ணடியில் அட்டைப்பெட்டி வியாபாரம் நமக்கு. இரண்டு நாட்டுக் காகித, அட்டை ஏற்றுமதியையும் 1990லிருந்து வரைந்து பார்த்தால் டாலரில் ஒரு கதை, டன்னில் வேறு கதை. எதை நம்புவது?

ராயபுரம் ரீல்:
டன்தான் அண்ணே. டாலர் கணக்கு விலையோடும் யூரோவோடும் சேர்ந்து ஆடும். ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பான எஃப்ஏஓ தளத்தில் 1961லிருந்து டன் கணக்கு இருக்கிறது.

காசிமேடு:
சரி, ஆனால் எஃப்ஏஓ கணக்கில் செய்து முடித்த பெட்டி வராது, சுங்கத்தின் சரக்கு வகைப்பாட்டில் காகிதத்துக்கான 48ஆம் அத்தியாயத்திலோ நம்ம பெட்டி, பள்ளி நோட்டு எல்லாமே அடங்கும், அதனால் இரண்டையும் ஒரே படத்தில் போட்டுவிடாதீர்கள். அப்புறம், தாளையும் அட்டையையும் பிரித்துப் பாருங்கள். பின்லாந்துக்கு அடி விழுந்தது அச்சுத் தாளில். பத்திரிகைகள் ஆன்லைனுக்குப் போக, 2021ல் அங்கே வெய்ட்சிலுவோட்டோ காகித ஆலையே மூடியாச்சு.

தண்டையார்பேட்டைக்காரன்:
அப்போ காகிதக் கூழ்?

காசிமேடு:
அது 47ஆம் அத்தியாயம். தனியா வைங்க.