காற்றாலை கியர்பாக்ஸின் பேரிங் ஆறே ஆண்டில் சேதமடைவது ஏன்?

நூற்பாலை_சேலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் 18 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். எங்கள் ஆலைக்குச் சொந்தமாக உடுமலைப்பேட்டைப் பக்கம் 1.5 மெகாவாட் காற்றாலை ஒன்று ஓடுகிறது. அதன் கியர்பாக்ஸில், ஜெனரேட்டரோடு இணையும் அதிவேக ஷாஃப்ட்டின் பேரிங் ஆறாம் ஆண்டிலேயே சேதமடைந்துவிட்டதாகவும், கியர்பாக்ஸ் முழுவதையும் கிரேன் வைத்துக் கீழே இறக்க வேண்டும் என்றும் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் அறிக்கை அனுப்பியிருக்கிறார். 20 ஆண்டு ஆயுளுக்கென வடிவமைக்கப்பட்ட இயந்திரம் இது. ஆலைக்குள் இருக்கும் கியர்பாக்ஸ்களோ எண்ணெய் மாற்றுவதைத் தவிர வேறொன்றும் செய்யாமலே 15 ஆண்டுகள் ஓடுகின்றன. குற்றம் எண்ணெயிலா, எங்கள் கவனக்குறைவிலா, அல்லது காற்றாலைக்கே உரிய காரணம் ஏதும் உண்டா? ஆனி, ஆடிக் காற்று தொடங்குவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

ஓமலூரான் எழுதியது:

வணக்கம் ஐயா. பல்லடம், உடுமலைப் பகுதிகளில் 12 ஆண்டுகள் காற்றாலைகளில் ஏறி வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதை உங்கள் ஆட்களின் தவறு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

ஆலை எந்திரத்தை ஒரு மோட்டார் சீராக இழுக்கிறது. காற்றாலையிலோ நிமிடத்துக்கு 17 சுற்று போலச் சுழலும், பிளேடுகள் பொருந்திய பெரிய சக்கரத்தின் வேகத்தை, ஜெனரேட்டருக்காக 1500 சுற்று அளவுக்கு, ஏறக்குறைய 90 மடங்கு உயர்த்த வேண்டியிருக்கிறது. அதை இழுக்கும் காற்றோ ஒரு நொடி இருந்தது போல் மறு நொடி இருப்பதில்லை. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்வதால், நொடிக்கு 8 மீட்டர் வீசிய காற்று 10 மீட்டரானாலே அதிலுள்ள ஆற்றல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். மின்கட்டமைப்போடு இணைப்பு அறுந்து அவசர நிறுத்தம் நிகழும்போதெல்லாம் கியர் பற்களின் மீதுள்ள சுமை ஒரு கணம் திசை மாறி அடிக்கும்; அந்த அடியைத் தாங்குவது நீங்கள் சொல்லும் அதே பேரிங்தான்.

பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பலத்த காற்று மட்டுமல்ல, காற்றில்லாத மாதங்களும் பேரிங்கைக் கெடுக்கின்றன. சுமை மிகக் குறைவாக இருக்கும்போது பேரிங்கினுள் இருக்கும் உருளைகள் உருளாமல் வழுக்குகின்றன. வழுக்கும் இடத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்து உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. இதனோடு தொடர்புடையதாகக் கருதப்படும் 'வெண் விரிசல்' என்றொரு சேதம் உண்டு. கணக்கிட்ட ஆயுளில் சிறு பகுதி கழிவதற்குள்ளாகவே உருக்கின் மேற்பரப்புக்கு அடியில் அது தோன்றிவிடும். அந்த இடத்தை வெட்டி, மெருகிட்டு, அமிலத்தில் நனைத்துப் பார்த்தால் விரிசலின் ஓரம் வெள்ளையாகத் தெரியும். வழுக்கல், எண்ணெயிலிருந்து உருக்கினுள் புகும் ஹைட்ரஜன், ஷாஃப்ட் வழியே கசியும் மின்னோட்டம் ஆகிய மூன்றின் மீதும் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் இருக்கிறது. எது முதற்காரணம் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எனவே மாற்றும்போது, இந்தச் சேதத்தைக் குறைப்பதற்கென உருக்கின் மேல் கரிய ஆக்சைடு படலம் ஏற்றிய, அதாவது பிளாக் ஆக்சைடு பூச்சுள்ள பேரிங்கைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் எண்டோஸ்கோப் சோதனை (மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பது) கேளுங்கள். முதல் கட்டத்தின் கிரக கியர்களில் (நடுப் பல்சக்கரத்தைச் சூழ்ந்து அமைந்த பல்சக்கரங்களில்) சேதம் இருந்தால் இறக்கித்தான் ஆக வேண்டும். அதிவேக ஷாஃப்ட்டின் பேரிங் மட்டும் என்றால், பெரும்பாலான வடிவங்களில் மேலேயே கழற்றி மாற்றிவிடலாம். பெரிய கிரேன் தேவைப்படாது. இதைக் கேட்காமல் கையெழுத்திட்டுக் கிரேன் வாடகைக்கே பெருந்தொகை கொடுத்தவர்களைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன்.

ஏற்காடு_காபி எழுதியது:

சேர்வராயன் மலையில் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், காற்றுக்கும் குறைவில்லை. இங்கே நிறுவினால் இயந்திரம் நன்றாக உழைக்காதா?

இயந்திரவியல்_ஆசிரியர் எழுதியது:

ஏற்காட்டு நண்பருக்கு: அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 14 சதவீதம் குறைவு, சரிவுகளிலும் மரங்களிலும் மோதிச் சுழன்று வரும் காற்று, ஓமலூரார் சொன்ன அதே சுமை ஏற்ற இறக்கத்தைப் பன்மடங்காக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே சமவெளியில் இறங்கும் காற்றுக்கு அந்தக் குறை குறைவு. 40 மீட்டர் பிளேடைச் சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் எப்படி ஏற்றுவது என்பது தனிக் கேள்வி.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று சேர்க்கிறேன். பேரிங்கோடு பிளேடுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். 82 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் 17 சுற்றில் சுழலும்போது பிளேடு நுனி மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தில் மழைத்துளியும் தூசும் முன்விளிம்பை அரித்துவிடும். மூன்று பிளேடுகளும் ஒரே அளவில் அரிக்கப்படாவிட்டால், அந்தச் சமநிலைக் குறை ஒவ்வொரு சுற்றிலும் கியர்பாக்ஸ் வரை அதிர்வாக வந்து சேரும்.

பேரிங் ஒன்றால் பெரிய காற்றாலை முடங்குவது புதிதல்ல. அமெரிக்காவின் வெர்மாண்டில் 1941-இல் ஓடத் தொடங்கிய 1.25 மெகாவாட் காற்றாலை, உலகில் ஒரு மெகாவாட்டைத் தாண்டிய முதல் காற்றாலை, 1943-இல் முதன்மை பேரிங் பழுதானதால் போர்க்காலத் தட்டுப்பாட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1945 மார்ச்சில் மீண்டும் ஓட்டிய சில வாரங்களுக்குள் பிளேடு முறிந்து விழ, அத்தோடு கைவிடப்பட்டது.

நூற்பாலை_சேலம் எழுதியது:

இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மாசி மாதத்திலேயே எண்டோஸ்கோப் சோதனை செய்தோம். கிரக கியர்களில் குறை இல்லை. பேரிங்கை மேலேயே நான்கு நாட்களில் மாற்றிவிட்டார்கள். கழற்றிய வளையத்தில் ஷாஃப்ட்டின் நீளவாக்கில் மூன்று விரிசல்கள் இருந்தன. வெட்டிப் பார்ப்பதற்காகச் சேலத்தில் ஒரு உலோகச் சோதனைக்கூடத்தில் கொடுத்திருக்கிறேன். ஜெனரேட்டர் ஷாஃப்ட்டில் கசியும் மின்னோட்டத்தைத் தரைக்கு இறக்க வேண்டிய கார்பன் பிரஷ் முழுவதும் தேய்ந்து, ஷாஃப்ட்டைத் தொடாமலே இருந்தது. அதை எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை அளக்க வேண்டும் என்று ஓமலூரார் தெரிவித்தால், எங்கள் பராமரிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்வேன்.

ஓமலூரான் எழுதியது:

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பங்குனியிலும் புரட்டாசியிலும் நடக்கும் வழக்கமான பராமரிப்பின்போதே அளந்துவிடுங்கள் ஐயா. பிரஷ் தொடும் இடத்தில் ஷாஃப்ட்டின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதையும் துடைத்துவிடச் சொல்லுங்கள். பிசுக்கு இருந்தால் புதுப் பிரஷ்ஷும் பயன்படாது.