வர்ஜீனியா நிலக்காரர் ஒருத்தரோட குடும்ப வரலாறு: மூணு கவுன்டி, ஒரே பேர், ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது

காவேரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் அமெரிக்கர். அவங்கம்மா வழில, காலனி காலத்துல வர்ஜீனியால நிலம் வச்சிருந்த வில்லியம்னு ஒருத்தர் வர்றார் (குடும்பப் பேர் இங்க வேணாம்). மாமியாருக்கு வயசாயிடுச்சு, இந்த மனுஷன் யாரு என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு ரொம்ப ஆசைப்படறாங்க, அதான் நான் உக்காந்து தேடிட்டிருக்கேன். கிடைச்சது என்னன்னா, 1728-ல ஸ்பாட்சில்வேனியா கவுன்டில (கவுன்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) 400 ஏக்கருக்கு ஒரு பேட்டன்ட், அதாவது அரசாங்கம் நிலத்த எழுதிக்குடுத்த பத்திரம், அப்புறம் ஆரஞ்சு கவுன்டில ஒரு உயில், 1750-கள்ல கல்பெப்பர் கவுன்டில அதே பேர்க்காரர் ஒருத்தர் நிலத்த விக்கற பத்திரம். இது ஒரே ஆளா, மூணு ஆளா, இல்ல வீட்ட மாத்திட்டே இருந்தாரா? உயில்ல வேற ஒரு குழப்பம். எழுதின தேதி 1740 நவம்பர், அவர் இறந்தப்புறம் அத கோர்ட்ல நிரூபிச்ச தேதி 1740 ஜனவரி. உயில் எழுதறதுக்கு முன்னாடியே எப்படிங்க? இன்னொண்ணு, மூத்த பையனுக்கு வெறும் ஒரு ஷில்லிங்னு எழுதியிருக்கு. அப்பா புள்ளைய ஒதுக்கிட்டார் போலன்னு மாமியாருக்கு ஒரே வருத்தம்.

ஏட்டுக்குருவி:
நல்ல ஆவணமா சிக்கியிருக்கு உங்களுக்கு. மொதல்ல கவுன்டி விஷயம். அந்தக் குடும்பம் எங்கயும் போயிருக்கணும்னு அவசியமே இல்ல, கவுன்டிதான் மாறியிருக்கு. ஸ்பாட்சில்வேனியா உருவானது 1721, அதுலேர்ந்து 1734-ல ஆரஞ்ச பிரிச்சாங்க, ஆரஞ்சுலேர்ந்து 1749-ல கல்பெப்பர பிரிச்சாங்க. அதே வீட்டுல அதே திண்ணைல இருந்த குடும்பத்துக்கே மூணு கோர்ட் ஹவுஸ்லயும் பதிவு இருக்கும். பேட்டன்ட்ல எந்த ஓடை, எந்த ஆறுன்னு எழுதியிருக்கும் பாருங்க, பின்னாடி வர்ற பத்திரத்துலயும் அதே ஓடை வந்தா அதே குடும்பம்தான்னு கிட்டத்தட்ட முடிஞ்சது.

தேதில எந்தத் தப்பும் இல்ல. 1752 வரைக்கும் இங்கிலாந்துலயும் அதோட காலனிகள்லயும் பழைய காலண்டர், புது வருஷம் மார்ச் 25-ல தான் பொறக்கும். அப்ப 1740 நவம்பருக்கு அடுத்து வர்றதுதான் 1740 ஜனவரி, நம்ம கணக்குல அது 1741. ஜார்ஜ் வாஷிங்டன் பொறந்தது கூட அந்தக் கணக்குல 1731 பிப்ரவரி 11, இப்ப நாம சொல்றது 1732 பிப்ரவரி 22 (காலண்டர மாத்தினப்ப 11 நாளும் தள்ளிப் போச்சு). நீங்க எழுதி வைக்கும்போது 1740/41-னு ரெண்டையும் போடுங்க. அந்த ரெண்டு தேதிக்கும் நடுவுலதான் அவர் இறந்திருக்கார். அதனால 1750-கள்ல கல்பெப்பர்ல நிலத்த வித்தவர் இவரா இருக்க முடியாது, அதே பேர் வச்ச மகனோ வேற யாரோதான்.

நிலவரி:
ஒரு ஷில்லிங் பத்தி நான் சொல்றேன். மாமியார்கிட்ட வருத்தப்பட வேணாம்னு சொல்லுங்க. மூத்தவனுக்கு அவன் பங்க ஏற்கெனவே குடுத்திருந்தா, உயில்ல பேர விட்டுட்டாங்கன்னு பின்னால யாரும் கேஸ் போடக்கூடாதுன்னு ஒரு ஷில்லிங் எழுதறது சகஜம். அதுவுமில்லாம உயில்ல வராத நிலம் எது இருந்தாலும் அது சட்டப்படி மூத்த மகனுக்குத்தான், இந்த முறைய வர்ஜீனியா 1785-ல தான் ஒழிச்சது. அதனால நீங்க ஆள தேடறத நிறுத்திட்டு நிலத்த தேடுங்க. அந்த 400 ஏக்கரும் எப்படி எப்படி கைமாறிச்சுன்னு ஒரு கணக்கு எழுதுங்க, உயில்ல எவ்வளவு போச்சு, வித்தது எவ்வளவு, மிச்சம் எங்க. மிச்சம் இருக்கற துண்டுக்கு பத்திரமே இல்லன்னா அது மூத்தவனுக்குப் போயிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, பின்னாடி அவனோ அவன் புள்ளையோ விக்கும்போது "என் தகப்பனாருக்குக் கிடைத்த பேட்டன்ட் நிலம்"னு ஒரு வரி வரும். அந்த ஒரு வரிதான் உங்களுக்கு அப்பன் புள்ள உறவுக்கு சாட்சி.

கல்பெப்பர் பத்திரத்துல அடுத்தடுத்த நாள் தேதி போட்டு ரெண்டு பத்திரம் இருந்தா ரெண்டு தடவ வித்தார்னு எடுத்துக்காதீங்க, மொத நாள் குத்தகைப் பத்திரம், மறுநாள் விடுதலைப் பத்திரம் (நிலத்து மேல இருக்கற மிச்ச உரிமையயும் விட்டுக்குடுக்கறது)னு விக்கறதுதான் அப்ப வழக்கம். விலை ரெண்டாவதுலதான் இருக்கும். கூடவே மனைவி, புருஷன் இறந்தா தனக்கு வரவேண்டிய மூணுல ஒரு பங்கு உரிமைய விட்டுக்குடுத்ததா கோர்ட் குறிப்பு இருக்கான்னும் பாருங்க, பாதி நேரம் அந்தப் பொம்பளைங்க பேரு வேற எங்கயுமே கிடைக்காது.

எல்லையையும் வரைஞ்சு பாக்கலாம், வெள்ளை ஓக் மரத்துலேர்ந்து இந்தத் திசைல இத்தன போல்னு இருக்கும், ஒரு போல் 16.5 அடி. பக்கத்து நிலக்காரங்க பேரயும் குறிச்சுக்குங்க, மருமகன், மச்சினன் எல்லாம் அங்கதான் இருப்பாங்க.

காவேரிக்கரை:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க, ஷில்லிங் விஷயத்த மாமியார்கிட்ட உடனே சொல்லிட்டேன், அவ்ளோ நிம்மதி அவங்களுக்கு. ஆன்லைன்ல இருக்கற வம்ச மரம் எல்லாத்துலயும் இவருக்கு இங்கிலாந்துல ஒரு அப்பா அம்மாவ போட்டிருக்காங்களே, அத எடுத்துக்கலாமா?

ஏட்டுக்குருவி:
ஆதாரம் என்னன்னு கேளுங்க, வேறொரு மரத்த காட்டினாங்கன்னா விட்டுடுங்க. ஒரே பேர் இங்கிலாந்துல ஞானஸ்நானப் பதிவேட்டுல இருக்கறது மட்டும் சாட்சி ஆகாது, வில்லியம்னு பேர் வைக்காத ஊரே இருந்திருக்காது. பேட்டன்ட்ல ஹெட்ரைட்னு ஆள் பேர் இருந்தாலும் (ஒரு ஆள கூட்டிட்டு வந்தா 50 ஏக்கர், 1618-லேர்ந்து இருந்த ஏற்பாடு) அந்த வருஷமே அந்த ஆள் வந்தார்னு அர்த்தம் இல்ல, அந்த உரிமைய வித்து வாங்கிட்டிருந்தாங்க. ஜூனியர், சீனியர்னு இருந்தா கூட அப்பா புள்ளன்னு முடிவு கட்டிடாதீங்க, ஒரே ஊர்ல சின்னவர் பெரியவர்னு அடையாளத்துக்குப் போடறதும் உண்டு. வர்ஜீனியா மாநில நூலகத்தோட தளத்துல பேட்டன்ட் படங்கள் இலவசமாவே இருக்கு, நார்தர்ன் நெக் பகுதில அரசாங்கத்துக்குப் பதிலா அதோட சொந்தக்காரர் லார்டு ஃபேர்ஃபாக்ஸ் குடுத்த கிராண்ட்டும் (நிலம் வழங்கின பத்திரம்) அங்கயே இருக்கு. கல்பெப்பர் அவரோட எல்லைக்குள்ள வருது, ரெண்டயும் தேடுங்க.

செம்பருத்தி:
ஒண்ணு கேக்கணும். அவர் சொத்துப் பட்டியல், அதாவது இறந்தப்புறம் மதிப்பு போட்ட லிஸ்ட், பாத்தீங்களா? அதுல அடிமைகளா வச்சிருந்தவங்க பேர் இருக்கா?

காவேரிக்கரை:
இருக்குங்க. மாடு, இரும்புச் சட்டி, படுக்கை, இதுக்கெல்லாம் நடுவுல பேர்கள். ஒரு அம்மா பேர், பக்கத்துல "அவள் குழந்தை"ன்னு, எதிர்ல பவுண்டு கணக்கு. படிச்சுட்டு ரொம்ப நேரம் மனசே சரியில்ல.

செம்பருத்தி:
தயவுசெஞ்சு அந்தப் பேர்கள அப்படியே எழுத்து மாறாம எழுதி உங்க குடும்ப வரலாறுலயே சேருங்க. 1850, 1860 கணக்கெடுப்புல கூட அவங்களுக்குப் பெரும்பாலும் பேர் கிடையாது, எஜமான் பேருக்குக் கீழ வயசும் ஆணா பெண்ணாங்கறதும் நிறமும் மட்டும்தான். விடுதலையானவங்க எல்லாருக்கும் பேர் போட்டு எழுதின மொத கணக்கெடுப்பே 1870. அதுக்கு முன்னாடி போகணும்னு தவிக்கற குடும்பங்களுக்கு வழி, உங்க கைல இருக்கற இந்த மாதிரி காகிதம்தான். அந்த அம்மாவும் குழந்தையும் யார் பங்குக்குப் போனாங்கன்னு உயில்ல பாருங்க, பொண்ணுக்குப் போயிருந்தா மருமகனோட உயில், சொத்துப் பட்டியல்ல தேடணும், பேர் அங்க மறுபடி வரும். வர்ஜீனியா அன்டோல்ட்னு மாநில நூலகத்துலயே ஒரு தொகுப்பு இருக்கு, அதுலயும் ஆரஞ்சு, கல்பெப்பர்னு போட்டுப் பாருங்க.