மோட்டார்ஹோமில் விளக்கு மங்கினால் எர்த்தையும் பாருங்கள்

நாங்கள் டெக்சாஸில் ஆஸ்டின் பக்கம் இருக்கிறோம். எங்களுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன மோட்டார்ஹோம். வாசலில் நிறுத்தி வீட்டுக் கரன்ட்டில் சொருகியிருக்கும்போது உள்ளே எல்லா விளக்கும் நன்றாகவே எரியும். பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போனபோதுதான் குறை தெரிந்தது. சிசோஸ் பேசின் முகாமில் வண்டிக்குக் கரன்ட் இணைப்பு கிடையாது, பேட்டரியை நம்பித்தான் இருக்க வேண்டும். இருட்டியதும் விளக்குகள் மஞ்சளாக மங்கின. குழாயைத் திறந்து தண்ணீர் பம்ப் ஓட ஆரம்பித்தால் இன்னும் இறங்கின.

கேட்டவர்கள் எல்லாம் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். மாற்றுவதற்கு முன் தயவுசெய்து அளந்து பாருங்கள். ஓய்வில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 பக்கம் என்றால் பாதி. எங்களுடையது 12.6. விளக்குகள் மங்கி எரியும்போதே பேட்டரி முனைகளில் வைத்துப் பார்த்தேன், 12.4. ஆகக் குறை பேட்டரியில் இல்லை.

பலர் ஏமாறுவது அடுத்த இடத்தில்தான். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால் 12.5 காட்டும்; வயரிங் சரி என்று நினைத்துவிடுவோம். கரன்ட் ஓடாதபோது துருப்பிடித்த இணைப்பும் முழு வோல்ட்டைக் காட்டத்தான் செய்யும். பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். அப்படி அளந்தால் 10.4. நடுவில் இரண்டு வோல்ட் காணாமல் போகிறது.

எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு நீளமான வயர் போதும். விளக்குகளைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை விளக்கின் நெகட்டிவ் வயரிலும் வையுங்கள். 0.1 அல்லது 0.2 வந்தால் கவலையில்லை. எனக்கு 1.8 வந்தது. பாசிட்டிவ் பக்கத்தில் இதே மாதிரி பார்த்தால் 0.2தான். குற்றவாளி எர்த், அதாவது கரன்ட் வண்டியின் இரும்புச் சட்டம் (சேஸிஸ்) வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி.

பழைய 1141 பல்பு ஒன்று ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். ஆறு எரிந்தால் ஒன்பது ஆம்பியர். வழியில் 0.2 ஓம் தடை இருந்தாலே 1.8 வோல்ட் போய்விடும். சாதாரண மீட்டரின் ஓம் அளவில் இதைப் பிடிக்க முடியாது, மீட்டர் வயரின் தடையே அந்த அளவுக்கு வந்துவிடும். வீட்டுக் கரன்ட்டில் இருக்கும்போது அதைப் பேட்டரி அளவுக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர் 13.6 வோல்ட் கொடுப்பதால் இழப்புக்கு அப்புறமும் 11.6 மிஞ்சுகிறது, கண்ணுக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

வண்டிக்கு அடியில், எர்த் வயர் சேஸிஸில் போல்ட் போட்டு முடியும் இடத்தில், வயர் முனையில் இருக்கும் உலோக வளையம் (லக்) பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. அதன் கீழே துரு. வெளிக்கரன்ட்டைத் துண்டித்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இரும்பு பளபளக்கும் வரை கம்பி பிரஷால் தேய்த்தேன். புது லக், பல் வாஷர், இறுக்கமான போல்ட், மேலே கிரீஸ் பூச்சு. இப்போது அதே சோதனையில் 0.1.

எல்.இ.டி. போட்டால் சரியாகிவிடும் என்ற யோசனையும் வந்தது. எல்.இ.டி. நல்லதுதான், நானும் இப்போது போட்டுவிட்டேன். ஆனால் அதை மட்டும் செய்திருந்தால் விளக்கு இழுக்கும் கரன்ட் குறைந்து மங்கல் மறைந்திருக்கும், கெட்ட இணைப்பு அப்படியே இருந்திருக்கும். பம்ப்பும் ஹீட்டர் ஃபேனும் அதே எர்த் வழியாகத்தானே ஓடுகின்றன?

மறுமொழி

அந்தக் கடைசி வரி எங்களுக்கு நடந்தது, அண்ணா. கொலராடோவில், கடுங்குளிரில், ஹீட்டர் ஃபேன் சுற்றியது, நெருப்பு பற்றவே இல்லை. வோல்ட் குறைந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், காற்று போதாமல், காற்றோட்டத்தை உணர உள்ளே இருக்கும் செயில் சுவிட்ச் மூடாது, அது மூடாமல் கேஸ் திறக்காது. குழந்தைகளை எங்கள் இருவருக்கும் நடுவில் படுக்கவைத்து விடியும் வரை சமாளித்தோம். விளக்குகள் முன்பிருந்தே லேசாக மங்கிக்கொண்டுதான் இருந்தன. எங்களுக்குத் தளர்ந்திருந்தது ஃபியூஸ் ஹோல்டர். அதன் பிளாஸ்டிக் சூட்டில் பழுத்திருந்தது. பிளாஸ்டிக் நிறம் மாறியிருந்தால் ஃபியூஸை மட்டும் மாற்றாதீர்கள், ஹோல்டரையும் சேர்த்து மாற்றுங்கள்.

மறுமொழி

எங்களுக்கு வேறு மாதிரி. வெளிக்கரன்ட்டில் எல்லாம் எரியும், பிளக்கைப் பிடுங்கினால் மொத்தமும் இருட்டு. பேட்டரியில் முழு சார்ஜ் இருக்கும். குளிர்காலத்துக்குப் பின் பேட்டரியை மாட்டித் தந்த கடையில் பாசிட்டிவ், நெகட்டிவ் வயர்களை ஒருமுறை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிக் கொடுத்தால் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற ரிவர்ஸ் போலாரிட்டி ஃபியூஸ்கள் எரிந்துபோகும். எங்கள் பெட்டியில் மற்ற ஃபியூஸ்களிலிருந்து தள்ளி, பெரிய ஆம்பியரில் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வயர்கள் இப்போது சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அதே ஆம்பியர் ஃபியூஸ்களைப் போட்டதும் விளக்குகள் வந்துவிட்டன.