காகிதத்தில் மின்சாரம்: மணிக்கட்டுக்கா, நீராவிக் குழாய்க்கா?

நீலவானன்:
பார்சிலோனா பொருளறிவியல் நிறுவனத்தார் 2019இல் அறிவித்த, வெப்பத்திலிருந்து மின்சாரம் தரும் காகிதம் பற்றிப் படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. சர்க்கரை கலந்த ஊடகத்தில் கார்பன் நானோகுழாய்களை, அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கார்பன் குழாய்களைக் கலந்து, அதில் பாக்டீரியாவை வளரவிடுகிறார்கள். அது நூற்கும் செல்லுலோஸ் இழைகள் குழாய்களையும் சேர்த்துப் பின்னித் தாளாகிவிடுகின்றன. வளைக்கலாம். ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருந்தால் மின்சாரம் வரும். இனிக் கைக்கடிகாரத்துக்கு பேட்டரி எதற்கு?

கணக்கன்:
கொஞ்சம் பொறுங்கள். ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 50 மைக்ரோவோல்ட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தோல் 33, அறை 28. தாளில் வெட்டிய ஒரு பட்டைக்குக் கால் மில்லிவோல்ட். ஒன்றரை வோல்ட் வேண்டுமென்றால் 6000 பட்டைகள். மணிக்கட்டில் கட்டுவீர்களா, போர்த்திக்கொள்வீர்களா?

நீலவானன்:
6000 எதற்கு ஐயா? சில பத்து மில்லிவோல்ட்டிலேயே விழித்துக்கொள்ளும் மின்னழுத்த உயர்த்திச் சில்லுகள் இருக்கின்றன. 200 பட்டைகள் போதும்.

கணக்கன்:
மின்னழுத்தத்தை உயர்த்தலாம், திறனை உயர்த்த முடியாது. 5 டிகிரி வித்தியாசத்தில் பாயும் வெப்பத்தில் மின்சாரமாக மாற்ற இயற்கை அனுமதிக்கும் உச்ச வரம்பே 1.6 சதவீதம். அதில் இந்தத் தாளுக்குக் கிடைப்பது ஒரு துளி. அந்த 5 டிகிரியும் முழுசாகத் தாளில் விழாது; பெரும்பகுதி தாளுக்கு வெளியே உள்ள காற்றுப்படலத்திலேயே கரைந்துவிடும். வெப்பத்தை மின்சாரமாக்க வழக்கமாகப் பயன்படும் பிஸ்மத் டெலுரைடு இதைவிடப் பல மடங்கு மேல்.

நீலவானன்:
அது நொறுங்கும், உருண்டையான பரப்பில் சுற்ற முடியாது. டெலுரியம் அரிய தனிமம் வேறு. இந்தத் தாளை நொதியால் கரைத்து நானோகுழாய்களைத் திரும்ப எடுத்துவிடலாம்.

ஆவிக்காரன்:
இருவரும் மணிக்கட்டைவிட்டு வெளியே வாருங்கள். நான் ஆலையில் கொதிகலன் பார்ப்பவன். எங்கள் தலைவலி ஸ்டீம் டிராப்; ஆவியை விடாமல், குழாயில் சேரும் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் கருவி. அது பழுதாகி ஆவி வீணாய்ப் போனாலும் வெளியே தெரியாது. ஒவ்வொன்றிலும் உணர்கருவி வைக்கலாம். ஆனால் உயரத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான டிராப்புகளுக்கு யார் ஏணி போட்டு பேட்டரி மாற்றுவது? அங்கே வெப்பம் சும்மாதான் கிடக்கிறது; உணர்கருவிக்கு வேண்டிய மின்சாரத்தை இந்தத் தாள் அதிலிருந்து எடுக்கட்டும். குழாய் முழுவதும் இதைச் சுற்றச் சொல்லவில்லை. அதற்கு வெப்பம் கசியாமல் காக்கும் கிளாஸ்வூல்தான் (கண்ணாடி இழைப் போர்வை) சரி. வெப்பத்தைக் கசியவிட்டு மின்சாரம் எடுப்பது பைத்தியக்காரத்தனம்.

கணக்கன்:
இதை ஒப்புக்கொள்கிறேன். வித்தியாசம் 5லிருந்து 50 டிகிரியானால் மின்னழுத்தம் பத்து மடங்கு, திறன் நூறு மடங்கு. எப்போதாவது ஒருமுறை அளந்து அனுப்பும் கருவிக்கு அது போதலாம். கைக்கடிகாரக் கதையை மட்டும் விட்டுவிடுங்கள்.

நீலவானன்:
கடிகாரத்தைக் கழற்றிவைத்துவிட்டேன். ஆனால் தாள் 250 டிகிரி வரை தாங்கும் என்று நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஆவிக்காரன்:
சூட்டைத் தாங்கட்டும் தம்பி. எங்கள் குழாயில் வால்வுக்கு வால்வு ஆவி கசிகிறது. நாள் முழுக்க நனைந்தே கிடந்தால் அந்தக் காகிதம் என்ன ஆகும்?