முதல் குதிரையேற்ற வகுப்பு: உடம்பைத் தேற்றிக்கொண்டு போவதா, உடனே போவதா?

புதுச்சேணம்
வரும் சனிக்கிழமை என் முதல் குதிரையேற்ற வகுப்பு. வயது 41. பள்ளி நாளிலிருந்து மனத்தில் கிடந்த ஆசை. இப்போதுதான் துணிவு வந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிறவள், உடற்பயிற்சிப் பழக்கம் இல்லை. ஒரு தோழி, "ஒரு மாதம் தள்ளிப்போட்டு உடம்பைத் தேற்றிக்கொள்" என்கிறாள். இன்னொருத்தி, "தலைக்கவசம் போதும், போய் ஏறு" என்கிறாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முதுகெலும்பு
முதல் தோழி சொல்வதே சரி, சகோதரி. நான் இயன்முறை மருத்துவர். 9 ஆண்டுகளாகச் சவாரியும் செய்கிறேன். உழைப்பெல்லாம் குதிரைக்கு, நமக்கு உட்காரும் வேலைதானே என்று நினைத்து வருகிறவர்கள், மறுநாள் உள்தொடை வலியில் படியிறங்கத் தவிக்கிறார்கள்.

வலியாவது நம்மோடு போகும். குதிரைக்கு நேர்வதுதான் என் கவலை. அது நடப்பது நான்கு தாளத்தில். அதில் யாரும் உட்கார்ந்துவிடலாம். அடுத்த வேகமான டிராட் என்னும் துள்ளுநடை இரண்டே தாளம், ஒவ்வொரு தாளத்திலும் சேணம் நம்மை மேலே தூக்கியெறியும். வயிற்றிலும் இடுப்பிலும் வலு இல்லாதவர் தடுமாறியதும் கைக்கு அகப்பட்டதை இழுப்பார். அகப்படுவது லகான். அதன் மறுமுனையில் இருக்கும் இரும்பு, குதிரையின் நாக்கின் மேலும் ஈறின் மேலும் கிடக்கிறது. நம் சோம்பலுக்கு அந்த வாய் ஏன் புண்ணாக வேண்டும்?

நான்கு வாரம், நாளுக்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள். ஒற்றைக்காலில் நில்லுங்கள், பிளாங்க் செய்யுங்கள், படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைக் கீழே இறக்கிப் பழகுங்கள். பிறகு போங்கள்.

பழைய லகான்
மருத்துவரே, குதிரையின் வாய்க்காக நீங்கள் படும் கவலையில் எனக்குப் பங்கு உண்டு. ஆனால் முதல் நாளே மாணவர் கையில் லகானைக் கொடுத்தது யார்? அது ஆசிரியரின் பிழை. ஆசிரியர் நடுவில் நின்று, நீளமான கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிட வேண்டும். மாணவருக்கு உட்காருவது ஒன்றே வேலை. வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில் புதிய மாணவர்கள் லகானும் அங்கவடியும் (பாதம் வைக்கும் வளையம்) இல்லாமல் கயிற்றுப் பயிற்சியில்தான் தொடங்குகிறார்கள். சேணத்தில் உட்காரும் வலு சேணத்தில் உட்கார்ந்துதான் வரும்.

டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலை நினைத்துப் பாருங்கள். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயல் இழந்தவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் அடுத்தவர் துணை வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் (குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டுவது) போட்டியில் வெள்ளி வென்றார். தசை மட்டுமே சவாரி என்றால் அது எப்படி நடந்தது?

முதுகெலும்பு
பாதிக் கதையைச் சொல்கிறீர்கள், ஐயா. போலியோ தாக்குவதற்கு முன்பே அவர் தம் நாட்டின் டிரெஸ்ஸாஜ் சாம்பியன். நோய்க்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் உடலை மீட்கப் பாடுபட்டார். அவர் என் கட்சிக்குத்தான் சாட்சி.

பழைய லகான்
சரி, அந்த எடுத்துக்காட்டைத் திரும்பப் பெறுகிறேன். கருத்தை அல்ல. இந்தச் சகோதரி ஒரு மாதத்தில் தயார் செய்ய வேண்டியது தொடையை அல்ல, கண்ணை. லாயத்துக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா நின்று பார்க்கட்டும். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் எதிரிலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. அதனால்தான் குரல் கொடுத்தபடி தோளை நோக்கிப் போக வேண்டும். காது பின்னால் ஒட்டப் படிந்தால் கோபம். காது முன்னால் திரும்பி, தலை உயர்ந்து, உடல் விறைத்தால் ஏதோ ஒன்றைப் பார்த்து மிரளப் போகிறது. இவற்றைப் படிக்கத் தெரியாத பயில்வானைவிட, படிக்கத் தெரிந்த மெலிந்த ஆள் பாதுகாப்பானவர். பிடிகயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதை எந்தப் பிளாங்க் கற்றுக்கொடுக்கும்? அந்த உயிரின் எடை 500 கிலோ. அது ஓடினால் விரல் மிஞ்சாது.

மழைமுகில்
இருவரும் காலணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதில் சொந்த அனுபவம் இருக்கிறது. 19 வயதில் முதல் வகுப்புக்கு ஓட்டக் காலணியோடு போனேன். அங்கே யாரும் தடுக்கவில்லை. குதிரை மிரண்டு பக்கவாட்டில் தாவியதும் பாதம் அங்கவடிக்குள் கணுக்கால் வரை புகுந்துவிட்டது. விழுந்தேன், கால் வெளியே வரவில்லை. பத்துப் பன்னிரண்டு அடி தூரம் இழுபட்டேன். குதிரை தானாக நின்றதால் இதை எழுதுகிறேன்.

ஆகவே, புதுச்சேணம், குதிகால் இரண்டரை சென்டிமீட்டராவது உயர்ந்த, அடிப்பகுதி வழுவழுப்பான காலணி வேண்டும். குதிகால்தான் பாதத்தை உள்ளே போகாமல் நிறுத்தும். மலையேற்றக் காலணியின் பள்ளமும் மேடுமான அடிப்பாகம் அங்கவடியில் சிக்கும், அதுவும் கூடாது. தலைக்கவசம் குதிரையேற்றத்துக்கென்றே சோதிக்கப்பட்டதாக இருக்கட்டும். சைக்கிள் கவசம் பின்மண்டையை அந்த அளவுக்கு மூடுவதில்லை. இரவல் கவசம் தந்தால், அது ஏற்கெனவே யாரோடாவது விழுந்ததா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் மீண்டும் எழாது. டெட்டனஸ் தடுப்பூசி நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். லாய மண்ணிலும் சாணத்திலும் அந்தக் கிருமி இருக்கும்.

முதுகெலும்பு
மழைமுகில் சொன்னதில் ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம். கயிற்றுப் பயிற்சி உறுதி என்றால், ஒரு மாதம் என்ற என் நிபந்தனையையும் தளர்த்துகிறேன். ஆனால் முதல் மூன்று வகுப்புகளில் டிராட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் எடையையும் முன்கூட்டியே உண்மையாகச் சொல்லுங்கள். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலான வழக்கம். நிலை தெரியாமல் ஆடி ஆடி உட்காரும் புதியவர் அந்த எல்லைக்கு நன்றாகக் கீழே இருப்பது நல்லது.

பழைய லகான்
மூன்று வகுப்பு என்று எண்ணிக்கை போட வேண்டாம். அதை ஆசிரியரின் கண் முடிவு செய்யட்டும். சிலருக்கு ஒன்று போதும், சிலருக்குப் பத்தும் போதாது.

முதுகெலும்பு
வாரத்துக்கு எத்தனையோ மாணவர்களைப் பார்க்கும் ஆசிரியரின் கண் அவசரப்படும், ஐயா. மாணவருக்கும் வாய் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லலாம். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம்.

புதுச்சேணம்
பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினேன். முதல் வகுப்பு கயிற்றில்தானாம், லகான் தரமாட்டார்களாம். எடையைக் கேட்டு, அதற்கேற்ற குதிரையை ஒதுக்கிவிட்டார்கள். சனிக்கிழமையே போகிறேன். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், லாயத்தில் நின்று பார்க்க அனுமதியும் வாங்கிவிட்டேன். படி விளிம்புப் பயிற்சி நேற்றே தொடங்கியாயிற்று, மருத்துவரே, கெண்டைக்கால் கெஞ்சுகிறது. அந்தக் குதிரைக்கு 17 வயதாம். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

மழைமுகில்
போனதும் பெயரைக் கேளுங்கள். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். தலைமுடியைக் கழுத்தருகே தாழ்வாகக் கட்டுங்கள். உச்சிக்கொண்டை போட்டால் கவசம் சரியாக உட்காராது.