ஆர்வி-7 கட்டுகிறேன்: டெயில்வீலா, நோஸ்வீலா?

கராஜ்_ரிவெட்:

வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே இருக்கிறேன், வீட்டு கராஜில் வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-7 (கிட்டாக வாங்கி நாமே கட்டும் சின்ன விமானம்) கட்டும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. வால்பகுதி முடிந்து இறக்கையில் ரிவெட் அடிக்கிறேன். இந்த இரண்டு கிட்டும் வாலடியில் சின்னச் சக்கரம் உள்ள டெயில்வீல் 7-க்கும் மூக்கடியில் சக்கரம் உள்ள நோஸ்வீல் 7ஏ-க்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் இதுவரை முடிவைத் தள்ளிப்போட முடிந்தது. அடுத்து ஃபியூஸலாஜ் (உடல்பகுதி) கிட் ஆர்டர் செய்ய வேண்டும், இனி தப்பிக்க வழியில்லை.

நான் லைசென்ஸ் வாங்கியது செஸ்னா 172-இல், அதற்குப் பிறகு ஓட்டியதும் அதுதான். டெயில்வீல் தொட்டதே இல்லை. ஆர்வி டெயில்வீலில்தான் பார்க்க அழகு, அதை மறைக்க மாட்டேன். ஏர்போர்ட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர் "முன்சக்கரம் வைத்தால் அது ஆர்வியே இல்லை தம்பி" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். மனைவி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: எது கவிழாதோ அது. வேகம், எடை, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றிலும் நிஜத்தில் எவ்வளவு வித்தியாசம் வரும்? ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

ஏழுஏ_காரன்:

நோஸ்வீல். யோசிக்கவே வேண்டாம்.

காரணம் எடைமையம் எங்கே இருக்கிறது என்பதுதான். நோஸ்வீல் விமானத்தில் அது முக்கியச் சக்கரங்களுக்கு (எடையைத் தாங்கும் இரண்டு பெரிய சக்கரங்கள்) முன்னால் இருக்கும், அதனால் கொஞ்சம் கோணலாக இறங்கினாலும் சக்கரங்களின் உராய்வு பின்னாலிருந்து இழுத்து விமானத்தைத் தானாகவே நேராக்கிவிடும். டெயில்வீலில் எடைமையம் சக்கரங்களுக்குப் பின்னால். மூக்கு ஒரு பக்கம் திரும்ப ஆரம்பித்தால் பின்னால் இருக்கும் கனம் முன்னே வரப் பார்க்கும், திருப்பம் தன்னைத்தானே பெரிதாக்கிக்கொண்டே போகும், நீங்கள் ரட்டரில் (காலால் மிதித்து இயக்கும் வால் சுக்கான்) அதைத் தொடக்கத்திலேயே பிடிக்காவிட்டால் கிரவுண்ட் லூப்தான், அதாவது விமானம் தரையிலேயே சுழன்றுவிடும். உள்ளங்கையில் குச்சியை நிற்கவைப்பது மாதிரி, முடியாத காரியம் இல்லை, ஆனால் கவனத்தை எடுக்கவே கூடாது.

இன்னொன்றையும் பலர் சொல்வதில்லை. முக்கியச் சக்கரங்கள் சற்று வேகமாகத் தரையைத் தொட்டால் நோஸ்வீலில் மூக்கு கீழே விழும், இறக்கையின் தாக்குகோணம் (எதிர்காற்றை இறக்கை சந்திக்கும் கோணம்) குறைந்து தூக்குவிசையும் குறையும், விமானம் தரையில் தங்கிவிடும். டெயில்வீலில் அதே தவறுக்கு வால் விழும், தாக்குகோணம் ஏறும், மறுபடி மேலே துள்ளும். பழக்கமில்லாதவர் அந்தத் துள்ளலைத் துரத்த ஆரம்பித்தால் இன்னும் மோசமாகும்.

செஸ்னா 170-க்கு முன்சக்கரம் வைத்துத்தான் 1956-இல் 172 வந்தது. எது விற்றது என்று எல்லோருக்கும் தெரியும். வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். வேன்ஸ் தரும் எண்களிலேயே 7-க்கும் 7ஏ-க்கும் மணிக்கு ஓரிரு மைல்தான் வித்தியாசம், கழுவாத விமானத்துக்கும் கழுவிய விமானத்துக்கும் அதைவிட அதிகம் இருக்கும்.

புல்தரை:

மேலே சொன்ன இயற்பியல் சரி. ஆனால் கதையில் பாதியை விட்டுவிட்டார்.

கராஜ்_ரிவெட், முதலில் ஒன்று சொல்லுங்கள், விமானத்தை எங்கே வைக்கப் போகிறீர்கள்? ஆர்வி ஏ மாடல்களின் முன்கால் ஒற்றை ஸ்டீல் தண்டு, நுனியில் ஃபோர்க் (சக்கரத்தைப் பிடிக்கும் கவை), அதில் சின்னச் சக்கரம். நல்ல தார் ரன்வேயில் ஆயுசுக்கும் பிரச்சினை இல்லாமல் ஓடும். மேடுபள்ளமான புல்தரையில் ஃபோர்க்கின் அடிப்பகுதி மண்ணில் மாட்டினால் கால் பின்னோக்கி மடங்கி விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடும், இப்படிப் பல விபத்துகள் பதிவாகியிருக்கின்றன. அதற்குப் பிறகுதான் வேன்ஸ் தரையிலிருந்து கூடுதல் இடைவெளி தரும் ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. ஆர்வி-10, 14ஏ எல்லாவற்றிலும் முன்கால் அமைப்பே வேறு. ஆக "எது கவிழாது" என்ற வீட்டம்மா கேள்விக்கு நோஸ்வீல்தான் பதில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. டெயில்வீலும் பிரேக்கை ஓங்கி மிதித்தால் மூக்கில் குத்தும், புரொப்பல்லர் தரையில் அடித்தால் இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டிவரும், அதுவும் உண்மைதான்.

நான் டெயில்வீல் ஓட்டுவது புல்தரைக்காகத்தான். புரொப்பல்லர் உயரத்தில் இருக்கிறது, கல் அடிப்பது குறைவு, முன்னால் உடைவதற்கு எதுவும் இல்லை. டாக்ஸி செய்யும்போது, அதாவது தரையில் ஓட்டிப் போகும்போது, எதிரே சரியாகத் தெரியாது என்பார்கள். ஆர்வி-7-இல் மூக்குக்கு மேலே ஓரளவு தெரியும், ஸ்பிட்ஃபயர் மாதிரி இல்லை. லேசாக வளைந்து வளைந்து போனால் போதும்.

ஏழுஏ_காரன்:

@புல்தரை அந்தக் கவிழ்ந்த கேஸ்களில் எத்தனை பேர் முன்சக்கரத்தை முதலில் தரையில் குத்தியிருப்பார்கள்? ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்து முன்சக்கரத்தின் எடையைக் குறைத்து ஓட்டத் தெரிந்தால் புல்லிலும் தாராளமாக இறக்கலாம். நானும் இறக்குகிறேன்.

புல்தரை:

தெரிந்தால்! டெயில்வீல்காரன் சொல்வதும் அதே வார்த்தைதானே ஐயா.

வலதுகால்_ரட்டர்:

இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். நான் பயிற்சி தருகிறவன், டெயில்வீல் எண்டார்ஸ்மென்ட்டும் (டெயில்வீல் ஓட்டலாம் என்று பயிற்சியாளர் எழுதித் தரும் அனுமதி) தருகிறேன், அதனால் எனக்குக் கட்சி இல்லை.

அமெரிக்க விமானத் துறை நிர்வாகமான எஃப்ஏஏ-யின் விதி 61.31, இந்தப் பயிற்சிக்குச் சொல்வது இவ்வளவுதான்: சாதாரணக் காற்றிலும் குறுக்குக் காற்றிலும் டேக்ஆஃப், லேண்டிங், அப்புறம் வீல் லேண்டிங் (வாலைத் தூக்கியபடி முக்கியச் சக்கரங்களில் மட்டும் இறங்குவது), கோ-அரவுண்ட் (இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறுவது). இத்தனை மணி நேரம் என்று விதியில் கணக்கு கிடையாது. சிட்டாப்ரியா மாதிரி ஒரு சின்ன டெயில்வீல் விமானத்தில் பெரும்பாலானோர் 5 முதல் 10 மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். 172-இல் கால்கள் சும்மா இருந்து பழகியிருக்கும், இங்கே வால் தூக்கும்போதே புரொப்பல்லரின் சுழல்விசை மூக்கை இடப்பக்கம் தள்ளும், வலது ரட்டர் உடனே வர வேண்டும். அது வந்துவிட்டால் மற்றது பழக்கம்.

ஆனால் எண்டார்ஸ்மென்ட் கையில் இருப்பதும், சொந்தமாகக் கட்டிய, யாரும் இதுவரை ஓட்டிப் பார்க்காத விமானத்தை முதல்முறை டெயில்வீலில் இறக்குவதும் ஒன்றல்ல. முதல் பறத்தலில் இன்ஜின் சூடு, எரிபொருள் அழுத்தம், கனமான இறக்கை எந்தப் பக்கம் என்று கவலைகள் ஏற்கெனவே நிறைய இருக்கும். இன்ஷூரன்ஸ்காரர்களும் இதைத்தான் பார்க்கிறார்கள்: டெயில்வீல் நேரம் எவ்வளவு, அதே மாடலில் பயிற்சி எடுத்தீர்களா என்று கேட்பார்கள், பிரீமியமும் பெரும்பாலும் டெயில்வீலுக்குக் கூடுதல்தான். கிட் ஆர்டர் செய்யும் முன் ஒரு புரோக்கரிடம் இரண்டுக்கும் விலை கேட்டுவிடுங்கள், பாதி யோசனை அங்கேயே முடிந்துவிடும். நான் கேட்கும் கேள்வி இதுதான்: வருடம் முழுக்க விடாமல் ஓட்டுவீர்களா, இல்லை மூன்று மாதம் கராஜிலேயே இருந்துவிட்டு வருவீர்களா? இரண்டாவது ஆள் என்றால் டெயில்வீல் உங்களுக்கு இல்லை.

கராஜ்_ரிவெட்:

நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. விமானம் நிற்கப் போவது கவுண்டி ஏர்போர்ட்டில், தார் ரன்வே, வடக்கு தெற்காக ஒன்றே ஒன்று. வசந்தகாலத்தில் தெற்குக் காற்று ரன்வேயோடு வரும், வானிலை ஃப்ரன்ட் (காற்றுத் திசையை மாற்றும் எல்லை) ஒன்று கடந்துவிட்டால் மேற்கிலிருந்து குறுக்கே வீசும். புல்தரைக்கு எப்போதாவதுதான் போவேன். வேலை, குழந்தைகள் எல்லாம் பார்த்தால் நான் அந்த மூன்று மாத ஆள்தான் என்று தோன்றுகிறது. 7ஏ பக்கம் சாய்கிறேன், பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி. ஒரே சந்தேகம், இப்போது 7ஏ கட்டிவிட்டு அனுபவம் வந்த பிறகு டெயில்வீலாக மாற்ற முடியுமா?

புல்தரை:

முடியும், ஆனால் ஆசைப்படாதீர்கள். டெயில்வீல் 7-இல் முக்கியக் கால்கள் இன்ஜின் மவுண்ட்டிலேயே (இன்ஜினைத் தாங்கும் சட்டம்) செருகப்படும். 7ஏ-இல் அவை காக்பிட் தரையில் ஸ்பாருக்கு (இறக்கையின் முதன்மை உத்தரம்) பக்கத்தில் இருக்கும் தாங்கிகளில் நிற்கும், மவுண்ட்டில் முன்கால் மட்டும். மாற்றுவதென்றால் இன்ஜினை இறக்கி மவுண்ட்டை மாற்றி, தரையைப் பிரித்து, வாலில் ஸ்பிரிங் தாங்கியும் போட்டு, எடையும் சமநிலையும் மறுபடி கணக்கிட வேண்டும். தார் ரன்வே என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானே 7ஏ என்றிருப்பேன். டெயில்வீல் ஆசை தீராவிட்டால் சனிக்கிழமை வாடகை சிட்டாப்ரியா எடுங்கள். எது கட்டினாலும் கனோபி (காக்பிட்டை மூடும் கண்ணாடிக் கூரை) உடைக்கும் சுத்தியல் ஒன்றைக் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டிவிடுங்கள், தலைகீழாக நிற்கும்போது கனோபி திறக்காது. இதை வீட்டம்மாவிடம் சொல்ல வேண்டாம்.